நாற்பத்தொன்றாம் கொடையாளி

ரித்விகாவின் மூத்திரப்பை என்னுடையதைப் போலவே நடந்துகொள்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் அவளுடைய அம்மா சுகந்தி. பாராட்டாகத்தான் சொன்னார். நானும் வெட்கமில்லாமல் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன பஸ்ஸில் நடந்தது அது. சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆன பதினொரு பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், நான்கைந்து நர்ஸ்கள், நான். விடிந்ததும் கோயம்புத்தூரில் கிளம்பிய பஸ், நான்கு மணி நேரம் கழித்து மலையடிவாரத்தில் ஒரு டீக்கடை முன்னால் நின்றது. நின்றதுதான் தாமதம், டிரைவர் முதல் ஆளாகக் குதித்து ஓடினார். அவர் பின்னால் அப்பாக்கள், அம்மாக்கள், நர்ஸ்கள். கடைக்குப் பின்னால் இருந்த ஒரே ஒரு கழிப்பறைக்கு வெளியே கல்யாணப் பந்திக்குக் காத்திருப்பதுபோல் கூட்டம். பஸ்ஸுக்குள் பன்னிரண்டு பேர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். பதினொரு பிள்ளைகளும் நானும்.

சுகந்தி என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"பாருங்க மேடம். நல்லபடியாப் பொறந்த நாங்கெல்லாம் லைன்ல நிக்கறோம். எம்புள்ள ராணியாட்ட உக்காந்திருக்கறா. அப்படியே உங்களையாட்ட!"

சொல்லிவிட்டு அழுதார். அழாமல் என்ன செய்வார்? அந்தப் பதினொரு பேரும் சிறுநீர்ப்பை சரியாக உருவாகாமல் பிறந்தவர்கள். ரித்விகா பிறந்தபோது அடிவயிறே மூடியிருக்கவில்லை; பை திறந்து வெளியே தெரிந்தது. மூன்றாம் நாள் முதல் ஆபரேஷன். பதின்மூன்று வயதுக்குள் ஏழு. பையை மூடியாயிற்று, பெரிதாக்கியாயிற்று. ஆனால் நிறைந்ததைச் சொல்ல நரம்பு இல்லை, பிடித்துவைக்கத் தசை இல்லை. யூனிஃபார்முக்குள் டயபர், புத்தகப் பையில் மாற்றுத்துணி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப். ஏழாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார யாரும் வராததால் தனி பெஞ்சு.

அதை மாற்றியவர்கள் நாங்கள். நான் என்று சொல்ல வேண்டும். இந்தக் கதையில் பன்மைக்குள் ஒளிந்துகொள்ள எனக்கு உரிமை கிடையாது.

பிள்ளைகளின் செல்லிலிருந்தே வளர்த்த புதுத் தசையைத் தைத்தவர் டாக்டர் ஜவஹர் அலி. அதற்குள் உட்காரும் அரிசி அளவுக் கருவியைச் செய்தவள் நான், கோகிலவாணி. பிள்ளைகள் அதற்கு வாட்ச்மேன் என்று பேர் வைத்தார்கள். பை நிறைவதை அது மூளைக்குச் சொல்லும். போகலாம் என்று மூளை சொல்லும்வரை வாசலை மூடி வைத்திருக்கும். சிக்கல் என்னவென்றால், பிறந்ததிலிருந்து அந்த உணர்வையே அறியாத உடம்புக்கு, 'வருகிறது' என்றால் என்னவென்று தெரியாது. யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குத்தான் கொடையாளிகள். இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு ஆறு மாதம் வழக்கம்போல் வாழ்வார்கள். எப்போது உணர்ந்தார்கள், எவ்வளவு பொறுத்தார்கள், எப்போது போனார்கள் என்று பட்டை எழுதிக்கொள்ளும். வாட்ச்மேன் அதைப் படித்துப் பிள்ளையின் நரம்புக்குப் பாடம் நடத்தும். ஒரு வருடத்தில் நரம்பு அப்படியே படிந்துவிடும்.

ஆரோக்கியமான நாற்பது பேர் கொடையாளிகளாக வந்தார்கள். நாளுக்கு ஏழெட்டு முறை போனார்கள். டீ குடித்தால் போனார்கள், போன் பேசி முடித்தால் போனார்கள், பக்கத்தில் ஒருவர் எழுந்தால் கூடவே எழுந்து போனார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. இதையா பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது?

அந்தச் சமயத்தில்தான் பெற்றோர் கூட்டம். சுகந்தி எழுந்து கேட்டார்: "மேடம், காலைல ஒம்பது மணிக்கு ஸ்கூலுக்குப் போனா, சாயங்காலம் நாலு மணி வரைக்கும் தாங்குமுங்களா? எங்களுக்கு அது போதும். வேற ஒண்ணும் வேண்டாம்." மற்ற பத்துக் குடும்பங்களும் தலையாட்டின.

என்னிடம் பதில் இருந்தது. பட்டையைச் சோதித்துப் பார்க்க நானே அதைக் கட்டிக்கொண்டு திரிந்திருந்தேன். ஒரு நாளைக்கு இரண்டே முறை. காலையில் வீட்டில், மாலையில் வீட்டில். நடுவில் பத்து மணி நேரம் சின்ன நெளிவுகூட இல்லாத ஒரு கோடு. அதைப் பார்த்து எனக்கே என்மேல் மதிப்பு கூடியது.

அந்தக் கோட்டை நான் ஆறாம் வகுப்பில் போட ஆரம்பித்தேன். அன்னூர்ப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று இருந்தது ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்து முள்காடு மட்டும்தான். பஸ் ஏறும்போதெல்லாம் அம்மா, "தண்ணி குடிக்காத கண்ணு, போற எடத்துல செரமம்" என்பார். சொந்தக்காரர்களிடம், "எங்க கோகிலா நம்ம வீட்ட விட்டா வேற எங்கயும் போகவே மாட்டா" என்று பெருமையாகச் சொல்வார். பிறகு இன்ஜினியரிங் காலேஜ். லேப் நான்காம் மாடியில், பெண்கள் கழிப்பறை வேறு கட்டடத்தில். பிறகு ஆபரேஷன் தியேட்டர். ஆறு மணி நேர ஆபரேஷனில் ஆண்கள் மாறி மாறி வெளியே போய்வர, நான் கருவியின் முன்னால் நின்றபடியே இருப்பேன். தமிழ்நாட்டில் பாதிப் பெண்களுக்கு இது தெரியும், ஒருத்தியும் இதைக் குறை என்று நினைப்பதில்லை. நானும் திறமை என்றுதான் நினைத்தேன்.

ஆகவே நாற்பது பேரையும் ஒதுக்கிவிட்டு, 'கொடையாளி எண் 41' என்று எழுதி என்னுடையதை ஏற்றினேன். பதினொரு பிள்ளைகளுக்கும். பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன். அது மறதி அல்ல.

பஸ் பயணம் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. டாக்டர் ஜவஹர் அலி என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"கோகிலா, ரித்விகா ஸ்கேன் பாத்தியா? ரெண்டு கிட்னியும் வீங்கியிருக்கு. இடது பக்கம் முப்பது பர்சென்ட்தான் வேலை செய்யுது. இன்னும் ரெண்டு பிள்ளைங்களுக்கு லேசா ஆரம்பிச்சிருக்கு. வாசல் சரியாத் தெறக்கலையோ? பதிவை எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வாசலில் ஒரு குறையும் இல்லை. திற என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். உணர்வு தலையெடுத்த உடனே அதை அமுக்கிவிட என் மூளை முப்பத்தைந்து வருடமாகப் பழகியிருந்தது. பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்தது பொறுத்துக்கொள்வதை அல்ல, உணராமல் இருப்பதை. பை ததும்பி, போக வழியில்லாமல், மேலே சிறுநீரகத்துக்கே திரும்பித் தள்ளிக்கொண்டிருந்தது. அப்போதும் அந்தப் பெண் ஒன்றும் தெரியாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நாள் நான் வாயைத் திறக்கவில்லை. "இன்னும் பாத்துட்டிருக்கேன் சார்" என்று தினமும் சொன்னேன். பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

பத்தாம் நாள் ரத்தப் பரிசோதனைக்கு வந்த ரித்விகா, என் மேஜைமேல் ஒரு சாக்லேட்டை வைத்தாள். பத்தாம் வகுப்பில் நானூற்றுத் தொண்ணூற்றொன்று.

"மூணு மணி நேரம் ஒரு பரீட்சைக்கும் நான் எந்திரிக்கவே இல்லீங்க ஆன்ட்டி. பக்கத்துல இருந்தவளுக எல்லாம் போய்ப் போய் வந்தாளுக. உங்களாலதான்."

எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவள் போனதும் டாக்டர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"வாட்ச்மேன் மேல தப்பில்ல சார். கத்துக்கொடுத்தது தப்பு."

"நாப்பது பேருதுமா?"

"நாப்பது பேர நான் எடுத்துக்கவே இல்ல. நாப்பத்தொண்ணு மட்டும்தான்."

"யாரு அது?"

"நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காகிதத்துல நாப்பத்தொண்ணுன்னு இருந்தது. பேர் இல்லாததையும் பாத்தேன்" என்றார். "ரிசல்ட் பிரமாதமா இருந்துச்சு. கேக்கல. பிள்ளைங்க நனையாம வர்றப்ப யாருக்குக் கேக்கத் தோணும்?" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "போய்ப் படு. முதல்ல உன்னைப் பாக்கணும்" என்றார்.

டியூப் வழியாக என் பையில் சொட்டுச் சொட்டாக நீர் ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு நூற்றைம்பது மில்லியிலேயே லேசாகத் தெரிய ஆரம்பிக்கும். முந்நூறில் கேட்டார்கள், தெரியவில்லை என்றேன். ஐந்நூறில் கேட்டார்கள். எழுநூறைத் தொட்டபோது, தூரத்தில் யாரோ கூப்பிடுவதுபோல் ஏதோ ஒன்று. பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். என் சிறுநீரகங்கள் இரண்டும் இருபது வயதுப் பெண்ணுடையவை மாதிரி இருந்தன.

"முழுசாப் பொறந்த உடம்பு, தாங்கிக்கிச்சு" என்றார் டாக்டர். "ஒட்டுப் போட்ட பை எப்படித் தாங்கும்?"

அந்த நல்ல ரிப்போர்ட்தான் என்னைக் கொன்றது. எனக்கும் ஒரு சிறுநீரகம் போயிருந்தால் கொஞ்சம் தலைநிமிர்ந்து நடந்திருப்பேன்.

விசாரணைக் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். பதவியிலிருந்து விலக்கினார்கள், சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. பிள்ளைகளின் நரம்புகள் என் பழக்கத்தில் படிந்திருந்தன, இனி வேறு யார் சொன்னாலும் கேட்காது. நானே மாற்றிச் சொன்னால்தான் உண்டு. அதற்கு முதலில் நான் மாற வேண்டும்.

பதினொரு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். கடைசியாகத்தான் ரித்விகா வீடு, அத்தனை பயம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அப்ப மறுபடியும் நனையுமா?"

"பழச மறக்கற வரைக்கும் வாசல் தடுமாறும். ரெண்டு மூணு மாசம் நனையும்."

"அப்ப எனக்கு வேண்டாம்."

"கிட்னி போயிரும் ரித்விகா."

"ரெண்டு இருக்குதில்லீங்க? ஒண்ணு போனாப் போகட்டும். இப்பச் சேந்திருக்கற ஸ்கூல்ல என்னைப் பத்தி ஒருத்திக்கும் தெரியாது. எனக்கு நாலு ஃபிரண்ட்ஸ் இருக்காங்க. நாத்தமடிக்குதுன்னு பக்கத்துல இருக்கறவ பெஞ்ச மாத்திட்டுப் போறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமாங்க ஆன்ட்டி?"

தெரியாது என்றேன்.

சுகந்தி அடுப்படி வாசலில் நின்றிருந்தார். "என் தப்புதானுங்க மேடம். ஒம்பதுல இருந்து நாலு வரைக்கும்னு நான்தான கேட்டேன்? கிட்னியப் பத்தி ஒரு வார்த்தை கேட்டனா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தப் பழியை அவரிடமே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

"கேட்டது தப்பில்லீங்க. அது முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லாம எம்பழக்கத்தத் தூக்கி உங்க புள்ளைக்குள்ள வச்சேன். பேரையும் மறைச்சேன்."

ரித்விகா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க மாறணும்னா நீங்களும் நனைவீங்களா?"

"மருந்து குடுப்பாங்க. நனைவேன்."

"அப்ப முதல்ல நீங்க நனைஞ்சு பாருங்க. பாத்துட்டு வந்து, இது பரவால்லைன்னு எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் யோசிக்கறேன்."

நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர். என் தசையின் பிடியைத் தளர்த்த ஊசி. எங்கேயோ யாரோ கூப்பிடுவதுபோல் தெரிந்த மறுநொடி எழுந்து போய்விட வேண்டும். அது மட்டும்தான் பாடம். நாற்பத்தெட்டு வயதில் அது எத்தனை பெரிய பாடம் என்பதை எழுதிப் புரியவைக்க முடியாது. பதினாறாம் நாள் காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், சிக்னலில் நின்றிருந்தபோது அது நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் சேலையை மெல்ல இழுத்துக்கொண்டு எழுந்தாள். ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். நான் கடைசி நிறுத்தம்வரை எழவில்லை.

இறங்கியதும் ரித்விகாவுக்குத்தான் போன் செய்தேன். வேறு யாரிடம் சொல்வது?

அவள் சிரிக்கவில்லை. "கறுப்புப் பேண்ட் போடுங்க. மாத்துத்துணிய சத்தம் வராத கவர்ல வைங்க, சரசரன்னு கேட்டா எல்லாரும் திரும்புவாங்க. எந்திரிக்கறதுக்கு முன்னாடி கைக்குட்டையக் கீழ போட்டுட்டு, அத எடுக்கறாப்புல சீட்டத் தொடச்சிருங்க" என்றாள். பிறகு, "பரவால்லீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"பரவால்லைன்னு சொல்ல முடியாது ரித்விகா."

"பொய் சொல்லாம சொன்னீங்கல்ல. சரி, நான் வர்றேன்."

இந்தத் தடவை பழைய பதிவு உதவாது, என் இடுப்புப் பட்டையிலிருந்து நேரடி இணைப்பு. காலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்கும் அதே நேரங்களில் பிள்ளைகளும் அதே அளவு குடிப்பார்கள். எனக்கு உணர்வு வந்தால் அவர்களுக்கும் அடிவயிற்றில் தெரியும். நான் போனால் அவர்களும் போகலாம் என்று வாட்ச்மேன் சொல்லும். அவசரமென்றால் அதை மீறிப் போகவும் முடியும்; ஆனால் முதல் நாற்பது நாள் என்னை மட்டுமே பின்பற்ற வேண்டும். கோயம்புத்தூர், ஈரோடு, உடுமலை, பழனி என்று பதினொரு வகுப்பறைகளில் ஒரே நேரத்தில் பதினொரு கை உயரும். பிள்ளைகள் எனக்கு 'பெல்' என்று பேர் வைத்தார்கள். நனைந்தார்கள், அழுதார்கள், சில நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் மூன்றாம் வாரம் ரித்விகாவின் வீக்கம் குறையத் தொடங்கியது. நாற்பது நாளும் தவறாமல் நடந்தால் இருக்கிற சிறுநீரகம் பிழைக்கும் என்றார் டாக்டர்.

அப்போதுதான் அவளுடைய வகுப்பாசிரியை, இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை வெளியே விடமுடியாது என்று சொல்லிவிட்டார். மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுத்தால் ஊருக்கே தெரியும் என்று ரித்விகா மறுத்தாள். ஆகவே சித்தி என்று சொல்லிக்கொண்டு நான் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனேன். ரித்விகா சுவரோரமாக நின்றாள்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். டீ வரவழைத்தார். "ஒரு பொண்ண விட்டா பத்துப் பொண்ணு கெளம்புமுங்க மேடம். கிளாஸ்ல அறுபது பேரு நாலு மணி வரைக்கும் கம்முனு உக்காந்துதான இருக்காங்க? உங்க பாப்பாவுக்கு மட்டும் என்னங்க?"

"அந்த அறுபது பேரும் உக்காந்திருக்கறதுதான் சார் தப்பு" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த இரண்டாம் நிமிடமே எனக்கு வந்துவிட்டது. பழைய கோகிலாவாக இருந்தால் தெரிந்திருக்காது. இப்போது தெளிவாகத் தெரிந்தது. எழுந்து, கழிப்பறை எங்கே என்று அவரிடம் கேட்க வேண்டும். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை. பேச்சு வேறு நல்ல இடத்தில் இருந்தது. இந்த ஒன்றை முடித்துவிட்டுக் கேட்கலாம் என்று காலை மடித்து உட்கார்ந்துகொண்டேன். பெண்பிள்ளைகள் அடக்கக் கூடாது என்று, அடக்கிக்கொண்டு, நாற்பது நிமிடம் மிக அருமையாகப் பேசினேன். அவர் மனம் மாறியது. டீச்சரிடம் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

"ஆன்ட்டி, நாப்பது நிமிஷமாச்சு" என்றாள் ரித்விகா. இரண்டு கையையும் அடிவயிற்றில் வைத்திருந்தாள்.

அவள் சித்தி என்று கூப்பிட மறந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. "சார், இங்க லேடீஸ் டாய்லெட்..." என்று இழுத்தேன்.

அவர் மேஜைக் கண்ணாடியைப் பார்த்தார். "ஸ்டாஃப் டாய்லெட் சாவி உமா டீச்சர்கிட்ட இருக்குமுங்க. இன்னைக்கு அவங்க லீவு. பசங்களது ஆகாதுங்க, தண்ணி வர்றதில்ல. கொஞ்ச நேரம் பொறுத்துக்க முடியாதுங்களா மேடம்?"

"முடியுங்க சார்" என்றேன். யோசிக்கவே இல்லை.

"என்னால முடியாதுங்க சார்" என்றாள் ரித்விகா.

அவர் நிமிர்ந்தார். அவள் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இருந்த சின்னக் கதவைக் காட்டினாள். "அது பாத்ரூம்தானுங்க?"

"அது... அது ஹெச்.எம். பாத்ரூம் பாப்பா."

"பரவால்லீங்க சார்."

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள். தண்ணீர் சத்தம் கேட்டது. தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்தார். ஈரக் கையோடு வெளியே வந்தவள், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"போங்க ஆன்ட்டி."

நான் அவரைத் தாண்டிப் போக வேண்டும். அவர் ஓடாத ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு, "இல்ல கண்ணு, நான் வீட்டுக்குப் போயிக்கறேன்" என்றேன்.

சாயங்காலம் ஆய்வுக்கூடத்துக்கு வந்து அன்றைய பதிவைத் திறந்தேன். பதினொரு பேரில் ஒருத்தி பதினொன்றே முக்காலுக்கு என்னைவிட்டுப் பிரிந்து, தன் பாட்டுக்குப் போயிருந்தாள். மற்றப் பத்துப் பிள்ளைகளும், நான் வீடு போய்ச் சேர்ந்த ஒன்றேகால் மணிவரை, என்னோடு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.